தனியாகப் போன முதல் நாள்: சிங்கப்பூரில் காலை முதல் இரவு வரை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்தோர் வட்டம் சமுதாயக் கூடத்தில் நடத்திய மாலைச் சந்திப்பில், பி பிளாக்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் என்னிடம், "அஞ்சு நாளையும் சொல்ல வேண்டாங்க டீச்சர், முதல் நாளை மட்டும் சொல்லுங்க, அதுதான் எல்லாருக்கும் தேவை" என்றார். அவர் சொன்னது சரிதான். மற்ற நாலு நாளும் நான் பார்த்த இடங்களை நீங்கள் யூடியூபிலேயே பார்த்துவிடலாம். ஆனால் முதல் நாள் எப்படிப் போகும் என்பதுதான் தெரியாமல் பயமாக இருக்கும்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு லிஃப்டில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். "தனியாவா போனீங்க? பயமா இல்லீங்களா?" கேட்ட மூன்று பேருமே வீட்டில் தனியாக இருப்பவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

எனக்கு வயது 62. பணி ஓய்வுக்குப் பிறகு சிங்கப்பூர் போக வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் பாஸ்போர்ட் எடுத்தோம். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. என் பாஸ்போர்ட் பீரோவிலேயே கிடந்தது. மகள் கனடாவில் இருக்கிறாள். "நான் லீவு போட்டு வர்றேம்மா, சேர்ந்து போலாம்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் கொஞ்சம் கோபமாகவே, "இந்த வயசுல தனியா எதுக்குங்க? நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்றார். அந்த நாலு பேரில் ஒருவராவது எனக்கு டிக்கெட் எடுத்துத் தருவார்களா என்று யோசித்தேன். பிறகு நானே எடுத்துவிட்டேன்.

கிளம்பும் முன்

சிங்கப்பூர் நமக்கு வசதியான இடம். பீளமேடு விமான நிலையத்திலிருந்தே ஸ்கூட் நேரடியாகப் போகிறது. சென்னை போய் மாற வேண்டியதில்லை. நாலரை மணி நேரம் போலத்தான் ஆகும். சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போகிற நேரத்தில் பாதி. குறைந்த கட்டண விமானம் என்பதால் சாப்பாடு, பெட்டிக்கு எல்லாம் தனியாகப் பணம் கட்ட வேண்டும். வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இந்தியர்களுக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாக விண்ணப்பிக்கலாம். விசாவுக்கான அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் ஏஜென்ட் தன் கட்டணத்தைச் சேர்ப்பார். அது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். இதற்குப் பணம் கேட்கிற இணையதளம் கண்ணில் பட்டால், அது அரசுத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பெட்டியில் என்ன வைப்பது என்பது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு மசாலாப் பொடி அரைத்துக் கொண்டுபோகிறவர்கள். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் தடுப்புத் துறை அதைப் பார்த்துக்கொள்கிறது. குருமாவுக்குத்தானே என்று சொன்னால் எடுபடாது. கசகசா சேர்த்து அரைத்த பொடியும் வேண்டாம். சூயிங் கம் கொண்டுபோகக் கூடாது. மின் சிகரெட் கூடவே கூடாது. சாதாரண சிகரெட்டுக்கும் வரிச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னும் மூன்று சின்ன விஷயங்கள். வங்கி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களேதான் ஆப்பில் திறந்துவிட வேண்டும். நம் செல்போன் எண்ணில் ரோமிங் இருந்தால்தான் ஓ.டி.பி. வரும். அங்கே பிளக் மூன்று சதுரக் கால் உள்ளது, நம் சார்ஜர் நுழையாது. கிராஸ்கட் ரோட்டில் ஒரு அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

இறங்கியதும்

நான் சனிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு விடியலில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மணி ஆறு காட்டினாலும் வெளியே கும்மிருட்டு. வருடம் முழுவதும் ஏழு மணிக்குத்தான் விடியும், மாலையும் ஏழு மணிக்குத்தான் இருட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் அது. வகுப்பில் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

குடிநுழைவுச் சோதனையில் மனிதர்களே இல்லை. எந்திரம்தான் பாஸ்போர்ட்டைப் படிக்கிறது, கண்ணையும் முகத்தையும் பார்க்கிறது, கதவு திறக்கிறது. முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. என் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழும் என்று ஆசையாக இருந்தேன். ஒன்றும் விழவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தானுங்க.

வெளியே வந்ததும் அவசரப்படாதீர்கள். உட்கார நாற்காலி உண்டு, இலவச வைஃபை உண்டு, குடிநீர்க் குழாய் உண்டு. ஊர் முழுக்கவே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். சிறுவாணித் தண்ணீர் குடித்த நமக்கு ருசி பிடிக்காது, ஆனால் சுத்தம். நான் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மகளுக்கு "இறங்கியாச்சு" என்று அனுப்பினேன். ஜூவல் என்ற கண்ணாடி மாளிகை வழியாக நடந்தேன். அதற்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அருவி இருக்கிறது. அவ்வளவு காலையில் அருவி ஓடவில்லை. திரும்பி வரும் நாளில் பார்த்துக்கொண்டேன்.

ரயிலில்

டாக்ஸி சுலபம், ஆனால் 25, 30 டாலர் ஆகிவிடும். ஒரு டாலர் நம் பணத்தில் 60 ரூபாய்க்கு மேல். எம்.ஆர்.டி. ரயிலில் சுமார் இரண்டு டாலர்தான். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொதுவான இஸி-லிங்க் அட்டையை நிலையத்திலேயே வாங்கலாம். நம் வங்கி கார்டைத் தட்டியும் போகலாம், ஆனால் வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும்.

நான் அறை எடுத்திருந்தது லிட்டில் இந்தியாவில். வழி இதுதான்: விமான நிலையத்திலிருந்து தானா மேரா, அங்கே மாறி பூகிஸ், அங்கே மாறி இரண்டாவது நிலையம் லிட்டில் இந்தியா. இந்த மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். செல்போன் இருந்தாலும் தாள் ஒரு தைரியம்.

எஸ்கலேட்டரில் இடது பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், வலது பக்கம் அவசரமாகப் போகிறவர்களுக்கு. ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 டாலர் வரை அபராதம். தெருவில் குப்பை போட்டால் முதல் தடவையே 2,000 டாலர் வரை போகலாம். நம் பார்க்கிங்கில் பான் பராக் துப்புகிறவர்களை ஒரு வாரம் அங்கே அனுப்பி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் ஏறியதும் ஒரு சீனப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நிலையப் பெயர்ப் பலகையில் ஆங்கிலம், சீனம் இவற்றோடு தமிழும் இருந்தது. அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரூபாய் நோட்டு போலவே அவர்கள் டாலர் நோட்டிலும் "சிங்கப்பூர்" என்று தமிழில் அச்சிட்டிருக்கிறது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, தனியாக ஒரு ஊரில் இறங்கி அரைமணி நேரத்தில் நம் எழுத்தைப் பார்ப்பது வேறுங்க. அதுவரைக்கும் இறுக்கிப் பிடித்திருந்த கைப்பையை அப்போதுதான் மடியில் வைத்தேன்.

அறைக்குக் காத்திருந்த நேரம்

ஹோட்டலில் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். காலையில் இறங்குகிற எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பெட்டியை வரவேற்பில் கொடுத்தால் ரசீது கொடுத்து வாங்கிவைத்துக்கொள்வார்கள். பதிவு செய்யும்போது இன்னொன்றையும் பாருங்கள்: அங்கே குறைந்த வாடகை அறைகள் பலவற்றில் ஜன்னல் இருக்காது. "ஜன்னல் உண்டு" என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துத்தான் நான் எடுத்தேன்.

சிராங்கூன் ரோட்டில் நடந்தேன். மல்லிகைப்பூக் கடை, நகைக்கடை, ஊதுபத்தி வாசனை. நம் ராஜ வீதியைத் துடைத்துச் சுத்தமாக வைத்தது மாதிரி. 1947இல் தொடங்கிய கோமள விலாஸில் தோசையும் காபியும். பிறகு வீரமாகாளியம்மன் கோயில். அங்கே கோயில்கள் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும், நம் ஊர் மாதிரியே. அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தார். அங்கேயே பிறந்தவர். "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, எங்கே சாப்பிட்டேன், எந்தக் கடையில் சேலை விலை அதிகம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். இங்கே ஆறு மாதமாக எல்லாரும் என்னிடம் கேட்ட கேள்விக்கு அங்கே ஒரே வார்த்தையில் பதில் முடிந்துவிட்டது.

அடுக்குமாடிக்காரர்களான நமக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் போல அரசு வீடமைப்பு வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். அந்த வாரியம் தொடங்கியது 1960இல். தேக்கா சந்தையை ஒட்டியே அப்படிப்பட்ட பிளாக்குகள் நிற்கின்றன. பெரும்பாலான பிளாக்குகளில் தரைத்தளத்தை வீடாக்காமல் காலியாக விட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேச, பிள்ளைகள் விளையாட, கல்யாணம், இழவு எல்லாவற்றுக்கும் அந்த இடம்தான். ஒரே இனத்தார் ஒரே பிளாக்கில் சேர்ந்துவிடாதபடி சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று விகிதம் வைத்து வீடு கொடுக்கும் முறை 1989 முதல் இருக்கிறது. இன்னொன்று: ஜன்னலுக்கு வெளியே நீளக் கம்பில் துணி காயப்போடுகிறார்கள். பால்கனித் துணி பற்றி நம் சங்கத்தில் நடந்த மூன்று கூட்டங்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

சாப்பாடு

மதியம் தேக்கா உணவங்காடி. நடுவில் மேசைகள், சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள். இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. காலி மேசை என்று உட்காரும் முன் பாருங்கள். மேலே டிஷ்யூ பாக்கெட் ஒன்று இருந்தால் அது ஆள் பிடித்த இடம். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதேதான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம்.

சர்க்கரை உள்ளவர்கள் இதை எழுதிக்கொள்ளுங்கள். வெறுமனே "தே" என்றால் டீயில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிவிடுவார்கள், பாயசம் மாதிரி இருக்கும். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. "தே சி கோசோங்" என்றால் பால் உண்டு, சர்க்கரை இல்லை. காபிக்கு "கோப்பி" என்று மாற்றிச் சொன்னால் போதும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் லிட்டில் இந்தியாவில் தங்கினால் ஐந்து நாளும் கவலை இல்லை.

மாலை

மூன்று மணிக்கு அறை கிடைத்தது. குளித்துத் தூங்கி எழுந்தபோது மணி ஆறு. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது: அந்த நேரம்தான் கஷ்டமாக இருந்தது. காலையில் வழி தேடுவதிலேயே மனம் ஓடிவிடுகிறது. மாலையில் வேலை ஒன்றும் இல்லை. இரண்டு பேராக வந்திருக்க வேண்டிய ஊர். மகளைக் கூப்பிடலாம் என்றால் கனடாவில் அப்போது விடிந்திருக்காது. இங்கே வீட்டில் தினமும் அந்த நேரம் எப்படி இருக்குமோ அப்படியே அங்கேயும் இருந்தது. விமானம் ஏறினால் அது விட்டுப்போகாதுங்க. இங்கே என்றால் டி.வி.யைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா வேறு ஊர். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை செய்கிற தம்பிகளுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். பணம் அனுப்ப, காய் வாங்க, ஊர்க்காரனைப் பார்க்க. தமிழும் வங்காளமும் காதில் நிறைகிறது. ஒரு திட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த தம்பி எழுந்து, "உக்காருங்கம்மா, எந்த ஊரு?" என்றார். கோயம்புத்தூர் என்றேன். அவர் புதுக்கோட்டைப் பக்கம். வந்து ஏழு வருடம். ஊருக்குப் போய் மூன்று வருடம்.

"நீ வந்த முதல் நாள் எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டேன். சிரித்தார். "இறங்குனதும் லாரில ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்கம்மா. எந்தப் பக்கம் போறோம்னே தெரியல. ஏஜென்டுக்குக் கட்டுன கடன்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. மறுநாளே வேலை. ஊரு எப்படி இருக்குன்னு நான் பார்த்ததே முதல் ஞாயித்துக்கெழமைதான்."

என் பெட்டியில் இருந்த கடலை மிட்டாய் பாக்கெட்டைக் கைப்பையில் வைத்திருந்தேன். கொடுத்தேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், அறையில் இருக்கிறவர்களுக்காம்.

நம் ஆட்கள் இந்த ஊருக்குத் தனியாகப் போவது இன்றைக்கு நேற்று இல்லை. 1970களின் தொடக்கம் வரை ரஜூலா என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஓடியது. ஒரு வாரம் போல ஆகும். 1819இல் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளைதான் 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலைத் தொடங்கினார். அவர்கள் யாருக்கும் ரோமிங் இல்லை, திரும்பும் டிக்கெட் இல்லை. என் பயணம் அதில் ஒரு சிறு பங்கு கஷ்டம்கூட இல்லை. இதைச் சொல்வது என்னைப் பெருமைப்படுத்த இல்லை. "தனியா எப்படி" என்று நாம் கேட்பது பெரும்பாலும் நம் வயதுப் பெண்களிடம் மட்டும்தான். அந்தத் தம்பியிடம் அவர் ஊரில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் அவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது மணிக்கு அறைக்கு வந்தேன். மகளோடு பேசினேன். "பயந்தியாம்மா?" என்றாள். "சாயங்காலம் கொஞ்சம்" என்றேன். கொழுந்தனாருக்கும் ஒரு படம் அனுப்பினேன். "சாப்பாடு கிடைச்சுதுங்களா?" என்று மட்டும் பதில் வந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் சமாதானம் என்று அர்த்தம்.

போக நினைப்பவர்களுக்கு

முதல் நாளுக்கு நான் கடைப்பிடித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. முதல் நாள் ஒரே பகுதியில் இருங்கள். ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம்.
2. தங்கும் இடத்தின் முகவரி, ரயில் மாறும் நிலையங்கள், இங்கே ஒருவர் எண், அவசர எண்கள் எல்லாம் ஒரு தாளில். அங்கே போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. இந்தியத் தூதரகம் கிரேஞ்ச் ரோட்டில்.
3. பாஸ்போர்ட், விசா, மருத்துவச் சீட்டு நகல்களை இங்கே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள்.
4. வீட்டுக்கு எந்த நேரத்தில் தகவல் சொல்வீர்கள் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிமிடத்துக்கு ஒரு போன் வராது.
5. மாலை ஆறு மணிக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். கோயிலோ கடையோ, ஏதாவது.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நம் 180 வீடுகளில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மூத்தோர் வட்டம் ஒரு கணக்கு எடுக்கட்டும். சிங்கப்பூர் வேண்டாம், முதலில் மருதமலை, பிறகு தஞ்சாவூர் என்று தனியாகப் போகிறவர்கள் கிளம்பும் முன் தகவல் கொடுக்கவும், வந்ததும் வீட்டில் பால், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவும் பிளாக்குக்கு ஒருவர் இருந்தால் போதும். பி பிளாக்குக்கு நான் இருக்கிறேன்.

விசாப் படிவம், ரயில் வரைபடம் வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்குப் பூங்கா பெஞ்சுக்கு வாங்க. அந்த நேரத்தில் நான் அங்கேதான் இருப்பேன். அடாப்டரும் என்னிடம் இருக்கிறது, இரவல் தருகிறேன், திருப்பித் தந்துவிட வேண்டும்.